ஒஸ்லாவின் ஸ்வெட்டருக்கு இடது கை நீளம்

1

அன்று ஷெட்லாந்தில் எங்கள் ஹாமர்வோ ஊர் மண்டபத்தில் இருந்தவர்கள்: என் தங்கை ஒஸ்லா, அவளுக்கு அன்று எழுபது நிறைந்தது. அவள் கணவன் எர்ட்டி மோவட், மீன்பிடிப் படகை விற்றுவிட்டு ஆடு வளர்ப்பவன். அவர்கள் மகள் இங்கா, அபர்டீனிலிருந்து கப்பலில் வந்திருந்தாள். கம்பளி வாரம் என்கிற பின்னல் திருவிழாவின் கமிட்டிச் செயலாளர் மேக்னி. ஜெர்மனியிலிருந்து வருடம் தவறாமல் வரும் குண்டுலா அம்மாள். அழைக்காமலே வந்துவிடுகிறவள் பாபி இங்க்ஸ்டர். பிறகு நான், ஆண்ட்ரினா இஸ்பிஸ்டர், குடும்பத்தில் மூத்தவள். திருவிழாவுக்கு வந்து, பின்னல் பையை மடியில் வைத்துக்கொண்டு சூப் குடித்த வெளியூர்க்காரர்களை நான் சேர்க்கவில்லை.

பெயர்களை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் தீவில் ஒரு சம்பவத்துக்கு ஒரு வயது ஆகிவிட்டால், அங்கே இல்லாதவர்கள்தான் அதை அதிகம் பார்த்திருப்பார்கள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கப்போவதில்லை. மேக்னி தொலைபேசியில் கூப்பிட்டான்.

“ஆண்ட்ரினா, கம்பளி வார மலருக்கு ரெண்டு பக்கம் வேணும். ஒஸ்லாவைப் பத்தி. அவங்க பின்னல், போயிட்டு வந்த திருவிழாக்கள், குடும்பம், பிறந்தநாள் ஸ்வெட்டர், எல்லாம்.”

“அவளையே எழுதச் சொல்லேன்.”

“கேட்டேனே. ரெண்டு கையும் வேலையா இருக்குன்னுட்டாங்க.”

“சரி, எழுதறேன்.”

“முக்கியமா அந்த இடது கை. உங்க குடும்பத்துப் பழைய வழக்கம். யார் காலத்துல ஆரம்பிச்சது, என்ன அர்த்தம், எல்லாம் விவரமா வேணும். வர்றவங்க அதைத்தான் கேக்கறாங்க. திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது.”

சிக்கல் இதுதான்: அப்படி ஒரு வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. போன வருடம் அந்த மண்டபத்தில், ஒரு கிண்ணம் சூப் ஆறுவதற்குள், நான் உண்டாக்கியது அது.

2

முதலில் தொடக்கங்கள். எழுதிப் பார்த்துக் கைவிட்டவற்றை அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

“ஒஸ்லா பிறந்த அன்று கடலில் பெருங்காற்று”

[வேண்டாம். ஷெட்லாந்தில் காற்று இல்லாத அன்று பிறந்திருந்தால் எழுதலாம்.]

“என் தங்கை எத்தனையோ திருவிழாக்களுக்குப் போயிருக்கிறாள். லெர்விக்கில் தொடங்கி எடின்பரோ, நார்வே, ஒருமுறை அமெரிக்கா வரைக்கும், ஒவ்வொரு ஊரிலும் அவளைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு”

[சூழ்ந்துகொண்டது உண்மை. அமெரிக்காவில் அவள் பின்னிக்கொண்டே கழிப்பறைக்கு வழி கேட்டாள். ஒரு வகுப்பு நடக்கிறது என்று நினைத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகப் பின்னால் போனார்கள். இதை மலரில் போட முடியாது. அவள் என்னோடு பேசமாட்டாள்.]

“பின்னல் என்பது வெறும் நூலும் ஊசியும் அல்ல, அது”

[அது நூலும் ஊசியும்தான். இப்படித் தொடங்குகிறவர்கள் வீட்டில் முடிக்காத ஸ்வெட்டர் ஒன்று கிடக்கும்.]

சரி, நேராகச் சொல்கிறேன். ஒஸ்லா எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் பின்னினாள். பிறந்த குழந்தைக்குச் சால்வை, பத்துப் பத்து வயதுக்கு ஒரு ஸ்வெட்டர், கடலுக்குப் போகிறவனுக்குக் கழுத்து உயர்ந்தது, கல்யாணத்தில் மிரண்டு நின்ற மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடிக் கையுறை. நடக்கும்போது பின்னுவாள், ஆட்டுக்குத் தீனி வைக்கும்போது பின்னுவாள். பாதிரியார் பிரசங்கத்தை நீட்டினால் மட்டும் ஊசியைப் பையில் போடுவாள். அதைப் பார்த்துத்தான் பாதிரியார் முடிப்பார்.

அவளுக்கு யாரும் பின்னியதில்லை. பின்ன வந்தவர்களிடமிருந்து அவளே வாங்கி முடித்துவிடுவாள்.

3

எழுபதுக்கு நான் விடவில்லை. மூத்தவள் என்ற முறையில் ஆளுக்கொரு பாகம் பிரித்துக் கொடுத்தேன். உடல் நான். கைகளில் ஒன்று இங்கா. இன்னொன்றுக்கு லெர்விக்கில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகளைக் கேட்கலாம் என்று இருந்தேன். எர்ட்டி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

“ஒரு கை நான் பின்றேன்.”

“நீயா?”

“அம்மா கத்துக்குடுத்திருக்காங்க. படகுல சும்மா இருந்தப்ப காலுறை பின்னியிருக்கேன்.”

“அதை யாராவது போட்டாங்களா?”

“போட்டாங்க. அவங்களுக்கு வேற இல்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “இடது கையைக் குடுங்க.”

“எதுவா இருந்தா என்ன?”

“இடதுதான்.”

இந்த இடத்தை நான் அன்று கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்துவிட்டால் என்னைவிடக் கூர்மையானவர் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சத்தம் போடாதீர்கள், கதை இன்னும் இருக்கிறது.

அவன் ஆட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பின்னினான். திருட்டுத்தனமாகப் புகைபிடிக்கப் போகிறான் என்று ஒஸ்லா நினைத்தாள். அந்தப் பழியைக் குளிர்காலம் முழுக்கச் சுமந்தான், வாயைத் திறக்கவில்லை.*

* அவன் உண்மையிலேயே புகைபிடித்தானா என்று கேட்டால், அதுவும் நடந்தது.

எங்கள் பக்கத்தில் கையைத் தோளில் தொடங்கி மணிக்கட்டை நோக்கிப் பின்னுவோம். இதனால் ஒரு வசதி: நீளம் கூடிப்போனால் நுனியிலிருந்து பிரித்துக் குறைத்துவிடலாம். ஒரு மத்தியான வேலை. யாருக்கும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் அதைச் செய்யவில்லை.

4

பிறந்தநாளுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. மண்டபத்துச் சமையலறையில் இங்காவும் நானும் ஸ்வெட்டரை மேசைமேல் விரித்தோம். நங்கூரமும் நட்சத்திரமும், எங்கள் குடும்பக் கோலம், நீலத்திலும் வெள்ளையிலும். உடல் குறையில்லை. வலது கை குறையில்லை. இடது கை மேசையைத் தாண்டித் தொங்கியது.

இங்கா இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். இடது, வலதைவிட ஒரு சாண் நீளம் கூடுதல், என் கையால் அளந்தால்.

“பெரியம்மா, அப்பா இதை அம்மாவுக்கா பின்னினாரு, கலங்கரை விளக்கத்துக்கா?”

“சிரிக்காத. நாளைக்கு இதை அத்தனை பேர் முன்னாடி அவ போட்டுக்கணும். குண்டுலா பூதக்கண்ணாடி எடுத்துக்கிட்டு வருவா. இஸ்பிஸ்டர் வீட்டு ஸ்வெட்டர்ல ரெண்டு கையும் ரெண்டு நீளம்னு பேர் வரணுமா?”

“பிரிச்சுடுங்க.”

“பிரிக்கத்தான் போறேன்.”

நுனிக் கண்ணியைத் தேடி நூலை வெளியே இழுத்தும்விட்டேன். அந்த நேரத்தில் எர்ட்டி தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். ஸ்வெட்டரைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, நூலைப் பார்க்கவில்லை. அந்தக் கையை மட்டும் பார்த்தான், புதுப் படகைத் தண்ணீரில் இறக்கியவன் மாதிரி.

“நல்லா வந்திருக்கில்ல?” என்றான்.

இங்கே ஆண்ட்ரினா என்ற பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. நாற்பது வருடம் தபால் நிலையத்தில் இருந்தவள், முகவரி கோணலாக இருந்தால் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தவள். அவள் “ஒரு சாண் அதிகம், பிரிக்கணும்” என்று சொல்லியிருக்க வேண்டும். வாசகர் அதைத்தான் எதிர்பார்ப்பார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அவள் நூலை உள்ளே தள்ளிவிட்டு, “கழுவிக் காயப்போட்டா சரியா இருக்கும்” என்றாள்.

[இது பொய் இல்லை, மரியாதை. பொய் அடுத்த பகுதியில் வருகிறது.]

5

ஞாயிற்றுக்கிழமை. உப்பிட்ட ஆட்டிறைச்சி சூப், வெண்ணெய் தடவிய தட்டை ரொட்டி, ஒஸ்லாவுக்குப் பிடித்த இஞ்சிக் கேக். கடைசியில் ஸ்வெட்டர்.

பொத்தான் வைக்கும் ஸ்வெட்டரையும் நாங்கள் குழாய் மாதிரி வட்டமாகத்தான் பின்னுவோம். எல்லாம் முடிந்தபிறகு நெஞ்சு நடுவில் கத்தரிக்கோல் வைத்து மேலிருந்து கீழே வெட்டித் திறப்போம். எங்கள் ஆட்டுக் கம்பளி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அவிழாது. பிறந்தநாளன்று எல்லார் முன்னும் மூத்தவர் வெட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். இது உண்மையான வழக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

யார் எதைப் பின்னினார்கள் என்று சொல்லிவிட்டு வெட்டுவது முறை. சொன்னேன். “உடல் நான். வலது கை இங்கா. இடது கை எர்ட்டி.” கத்தரிக்கோலை வைத்தேன். முதல் வெட்டில் குண்டுலா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவதில் நாற்காலி என்று நினைத்து இஞ்சிக் கேக்கின்மேல் உட்கார்ந்தாள்.

ஒஸ்லா போட்டுக்கொண்டாள். வலது கை மணிக்கட்டில் நின்றது. இடது கைக்குள் அவளுடைய விரல்கள் முழுக்கக் காணாமல் போயின.

பாபி இங்க்ஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஒஸ்லா, அந்தக் கைக்குள்ள இன்னும் யாராவது இருக்காங்களா? வெளியே வரச் சொல்லு, டீ ஆறுது.”

சிரித்தார்கள். வெளியூர்க்காரர்கள் முதலில் தயங்கி, பிறகு சிரிக்கலாம் போலிருக்கிறது என்று முடிவு செய்து, நன்றாகவே சிரித்தார்கள். எர்ட்டி தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தான். அவன் காது இரண்டும் வேகவைத்த நண்டு மாதிரி ஆகிவிட்டன.

நான் எழுந்தேன். யோசித்து எழவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

“எழுபதாவது பிறந்தநாளுக்கு இஸ்பிஸ்டர் வீட்டுல இடது கையை நீளமாத்தான் பின்னுவோம்.”

பாபி விடவில்லை. “உங்க அம்மாவுக்கு எழுபது வந்தப்ப நான் வந்திருந்தேனே. அப்படி ஒண்ணும் இல்லையே?”

“அம்மா மடிச்சு விட்டிருந்தா.”

“உங்க அப்பாவுக்கு?”

“அப்பா மேல கோட்டு போட்டிருந்தாரு.”

குண்டுலா அம்மாள் கேக்கோடு எழுந்து பேனாவை எடுத்தாள். “இதற்கு என்ன அர்த்தம், அம்மா?”

அங்கேதான் தவறிப்போனது. ஏதாவது சாதாரணமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பார்கள். “அர்த்தத்தை வெளி ஆளுங்களுக்குச் சொல்றதில்ல” என்றேன்.

அத்தனை பேரும் கேமராவை எடுத்தார்கள்.

நான் ஒஸ்லா பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்: “ஒரு மடி மடிச்சு விடட்டுமாடி?”

“தொடாத,” என்றாள். “சூடா இருக்கு.”

6

இந்த வருடம் கம்பளி வாரத்துக்குப் படகிலிருந்து இறங்கினார்கள். பிரேமன் நகரத்துப் பெண்கள், ஒசாகாவிலிருந்து இருவர், கனடாவிலிருந்து தாடி வைத்த ஒருவர். எல்லாருக்கும் இடது கை நீளம். ஒருத்தி அதைச் சூப்பில் நனைத்தாள். இன்னொருத்தி பேருந்துக் கதவில் மாட்டிக்கொண்டு ஒரு நிறுத்தம் வரைக்கும் ஓடினாள். கனடாக்காரர் லெர்விக்கில் ‘இஸ்பிஸ்டர் கை’ என்று வகுப்பே எடுத்தார். அது இறந்த முன்னோரின் கையைப் பிடித்துக்கொள்வதற்காம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நல்ல விளக்கம். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

எழுபது ஆகாதவர்கள் எல்லாம் போட்டிருக்கிறார்களே என்று கோபமும் வந்தது. இல்லாத வழக்கத்தை மீறுகிறார்கள் என்று நான் யாரிடம் புகார் சொல்ல?

பாபி சும்மா இருப்பாளா? கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டே சொல்லியிருக்கிறாள்: “வழக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எர்ட்டி அளவைத் தப்பா எடுத்துட்டான். மீனை அளந்து அளந்து பழகின கை, எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.” வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. துறையில் எர்ட்டியைப் பார்த்தவன் எல்லாம் இரண்டு கையையும் அகல விரித்து, “இவ்வளவு பெரிய மணிக்கட்டா?” என்று கேட்கிறான். அவன் இப்போது துறைப் பக்கமே போவதில்லை.

ஆக, மலருக்கு நான் எழுத வேண்டிய இரண்டு பக்கம் இப்படி நிற்கிறது. வழக்கம் என்று எழுதினால் இஸ்பிஸ்டர் என்ற பெயருக்குக் கீழே முதன்முறையாக ஒரு பொய் அச்சாகும். வழக்கம் இல்லை என்று எழுதினால் என் தங்கை புருஷன் ஊர்ச் சிரிப்பாக அச்சாவான். நான் எதையும் எழுதாவிட்டால் கனடாக்காரர் எழுதுவார்.

7

முடிவுகள். எது பிடிக்கிறதோ பாருங்கள்.

முதல் முடிவு. ஆண்ட்ரினா மண்டபத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறாள். எல்லாரும் நெகிழ்ந்து

[எங்கள் ஊரில் யாரும் நெகிழமாட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள்.]

இரண்டாம் முடிவு. ஸ்வெட்டரை நாய் கடித்துவிடுகிறது. அத்தாட்சியே இல்லை.

[நாய்க்குப் பெயர் கெடும். அதுவும் குடும்பம்தான்.]

மூன்றாம் முடிவு. கனடாக்காரரின் விளக்கத்தை எடுத்துக்கொண்டு, முன்னோர், கை, பனிக்காற்று என்று ஆண்ட்ரினா இரண்டு பக்கமும் நிரப்பிவிடுகிறாள். எல்லாருக்கும் மகிழ்ச்சி.

இந்த மூன்றாவதைப் பாதி எழுதிவிட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு, குறைந்தபட்சம் எவ்வளவு பெரிய தவற்றை மறைக்கிறேன் என்று தெரிந்துகொள்ளலாமே என்று கொட்டகைக்குப் போனேன். எர்ட்டி ஒரு கிடாயின் குளம்பை வெட்டிக்கொண்டிருந்தான்.

“எர்ட்டி, அந்தக் கைக்கு அளவு எப்படி எடுத்த?”

“வலைக் கயித்துல. ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டு அவ நாற்காலியில தூங்கறப்ப.”

“தோள்லேர்ந்து எதுவரைக்கும்?”

“விரல் நுனி வரைக்கும்.”

“மணிக்கட்டோட நிறுத்தணும்னு தெரியாதா உனக்கு?”

“தெரியுமே.”

“பின்ன?”

கிடாயைப் பார்த்துக்கொண்டே பேசினான். “சாயங்காலம் கரை வரைக்கும் நடப்போம் இல்ல? அவ வலது கை என் கோட்டுப் பையில இருக்கும். இடது கை சும்மா காத்துல. கையுறை போடுடின்னா போடறதில்ல. ஊருக்கெல்லாம் பின்னிக் குடுக்கறா, தன்னோடதை எங்கயாவது வச்சுட்டு வந்துடறா. ஸ்வெட்டர்னா வச்சுட்டு வர முடியாதுல்ல?”

கிடாய் உதைத்தது.

“இதை அன்னிக்கே மண்டபத்துல சொல்லியிருக்கலாமே!”

“அத்தனை பேர் முன்னாடியா? பாபி முன்னாடியா?” அவன் காதுகள் மறுபடி சிவந்தன. “அதோட நீங்க வேற எழுந்து நின்னு, இது குடும்ப வழக்கம்னுட்டீங்க. எனக்குத் தெரியாம இப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கு, நானா பின்னினது அதோட சரியாப் பொருந்திடுச்சேன்னு எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா?”

ஒரு வருடமாக என் பொய்யை நம்பிய ஒரே உள்ளூர்க்காரன் அவன்தான்.

“மலர்ல போடட்டுமா?”

“கோட்டுப் பை சமாச்சாரமா? வேண்டாம். பாபி அதை வெட்டிக் கடைக் கதவுல ஒட்டிடுவா.”

“துறைக்குப் போகாம எத்தனை நாள் இருப்ப?”

“சிரிச்சு அலுத்துப்போவாங்க. விடுங்க.”

8

திரும்பி வரும்போது அவர்கள் இருவரும் கரைப் பக்கம் நடந்துபோவதைப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று விவரிக்க மாட்டேன். எர்ட்டிக்குக் கூச்சம். நானும் அதிக நேரம் பார்க்கவில்லை, குளிர்.

ஒஸ்லாவுக்குக் காரணம் தெரியுமா? கேட்கவில்லை. போன வருடத்திலிருந்து அவள் அந்தக் கையை ஒருமுறையும் மடித்து விட்டதில்லை. பின்னும்போது மட்டும் முழங்கைக்குத் தள்ளிக்கொள்கிறாள், முடிந்ததும் இறக்கிவிடுகிறாள். ஊரில் எல்லா ஸ்வெட்டரின் குறையையும் எட்ட நின்றே கண்டுபிடிக்கிறவள், தன் கையில் ஒரு குறை இருந்தால் விட்டுவைத்திருப்பாளா? இதை வைத்து நீங்கள் என்ன முடிவு செய்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கோட்டுப் பையைப் பற்றி உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊரில் ஸ்வெட்டருக்கு வேலை குறைவு என்று கேள்விப்பட்டேன். பாபிக்கு உங்கள் மொழி வராது. அதனால்தான்.

அடுத்த வருடம் குண்டுலா அம்மாள் மறுபடி அர்த்தம் கேட்பாள். அப்போது வழக்கம் என்பதா, இல்லை என்பதா, வெளி ஆட்களுக்குச் சொல்வதில்லை என்று மறுபடி முதுகை நிமிர்த்துவதா? இந்தக் கதையின் முடிவு அதுதான், அதை உங்களிடமே விடுகிறேன். எழுபது வயது ஸ்வெட்டருக்கு இடது கையை நீளமாகப் பின்னும் ஒரு குடும்பம் இனிமேல் இருந்தால்தான் என்ன என்றும் யோசிக்கிறேன். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது. எர்ட்டிக்கு வரும் மே மாதம் வருகிறது. ஒஸ்லா நேற்று நீல நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மலருக்கான இரண்டு பக்கத்தை மேக்னியிடம் கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் அன்று மண்டபத்தில் இருந்தவர்களின் பெயர்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு திருத்தம் மட்டும். அவன் படித்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றான். இவ்வளவுதான்:

எர்ட்டி மோவட் தன் மனைவியின் ஸ்வெட்டருக்கு அளவைத் தப்பாக எடுத்தான் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. எர்ட்டி அளவைச் சரியாகத்தான் எடுத்தான்.